இரும்புக் கல்லுக்கு எவ்வளவு கொடுக்கலாம்? நீலகிரியில் முதல் சமையலறை போடுபவர்களுக்கு ஒரு கணக்கு

முதல் வேலை, முதல் வாடகை வீடு. ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு வங்கிக் கிளை, அருவங்காடு தொழிற்சாலை, இல்லேன்னா எஸ்டேட் ஆபீஸ்ல சேர்ந்திருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. வீட்டு அட்வான்ஸ், ஸ்வெட்டர், கம்பளி, ஹீட்டர் எல்லாம் போக கையில் மிச்சம் கொஞ்சம்தான். அந்த நேரம் பார்த்து மொபைலில் ஒரு விளம்பரம் வரும். ஐந்து பாத்திரம் கொண்ட வார்ப்பிரும்பு செட், நோ காஸ்ட் இஎம்ஐ. கூடவே ஒரு வரி: இது செலவு இல்லை, தலைமுறைக்கான முதலீடு.

"முதலீடு" என்ற வார்த்தையைக் கேட்டால் எங்க தொழில்ல இருக்கிறவங்களுக்குக் கை தானா கால்குலேட்டருக்குப் போகும். போட்டுப் பார்த்துடலாம்.

கீழே உள்ள விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்க கடை விலையை வெச்சு மாத்திக்கோங்க. நான்ஸ்டிக் தவா 1,000 ரூபாய், இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாத்தறீங்க. பத்து வருஷத்துக்கு 5,000. மாதத்துக்கு 42 ரூபாய். பழக்கித் தயாராக வரும் பிராண்டட் வார்ப்பிரும்பு 2,000, பத்து வருஷம் உழைத்தால் மாதம் 17 ரூபாய். பாத்திரக் கடையில் பழக்காமல் விற்கும் சாதா இரும்புக் கல் 800 என்றால் மாதம் 7 ரூபாய்கூட ஆகாது. ஆக, இரும்புக்கு மாறினால் மாதம் 25-லிருந்து 35 ரூபாய் மிச்சம். ஒரு டீ, இரண்டு வர்க்கி.

இதில் இன்னொரு கணக்கு இருக்கு, அதை விளம்பரம் சொல்லாது. இரும்புக் கல்லைக் கழுவி, அடுப்பில் காய வைத்து, எண்ணெய் தடவ தினமும் கூடுதலா மூணு நிமிஷம் ஆகும். மாதம் ஒன்றரை மணி நேரம். சம்பளம் 30,000, வேலை நேரம் மாதம் 200 மணி என்றால் உங்க ஒரு மணி நேரத்தின் விலை 150 ரூபாய். அந்தக் கணக்கில் பராமரிப்பு மட்டும் மாதம் 225 ரூபாய்! ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த மூணு நிமிஷத்துக்கு யாரும் உங்களுக்குச் சம்பளம் தரப் போறதில்லை, அது வேற விஷயம். ஆனால் "பணம் மிச்சமாகும்" என்று சொல்லி யாராவது இரும்புக் கல் விற்றால் நம்பாதீங்க. முறுகலான தோசை வேணும், கீறலுக்குப் பயப்படாமல் தோசைத் திருப்பி போட்டுச் சுரண்டணும், அதிக சூட்டில் வதக்கணும். அதுக்காக வாங்குங்க. (நான்ஸ்டிக் பூச்சு 260 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சிதைய ஆரம்பிக்கும். காலியான தவாவைப் பெரிய தீயில் விட்டுட்டு போன் பேசுறவங்க கவனிக்க.)

அந்த ஐந்து பீஸ் செட்? தனியாக இருப்பவருக்கு ஒரு கல் போதும். மீதி நாலும் மலை ஈரத்தில் துருப்பிடிக்கத்தான் காத்திருக்கும். நோ காஸ்ட் இஎம்ஐ என்றாலும் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி உண்டு, பெரும்பாலும் பிராசஸிங் கட்டணமும் சேரும். வாங்குற வரிசையையும் மாத்தாதீங்க. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகுறதுக்குள்ள பசி அடங்கிடும். அதனால் முதல் காசு பிரஷர் குக்கருக்கு. கல்லுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அது எத்தனை உயரத்திலும் 200 டிகிரி ஏறும். (மாவு புளிக்கிறது தனிப் பஞ்சாயத்து, இன்னொரு நாள் பேசலாம்.)

இரும்பும் பராமரிப்பும் இந்த மலைக்குப் புதுசு இல்லை. நீலகிரியின் கொல்லர்கள் கோத்தர்கள். கோத்தகிரி என்ற பெயரே அவர்களுடைய தெருவைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று சொல்வார்கள். கோத்தர் குடும்பங்கள் படகர் குடும்பங்களுக்கு அரிவாள், மண்வெட்டி, கத்தி அடித்துக் கொடுத்தன, மண்பானையும் செய்து கொடுத்தன. உடைந்தால் சரி செய்வதும் அவர்கள்தான். பதிலுக்கு அறுவடையில் தானியம். இந்தக் குடும்பத்துக்கு இந்தக் கொல்லர் என்று பரம்பரையாகத் தொடர்ந்த உறவு அது. 1930-களில் இங்கே வந்து ஆய்வு செய்த மானிடவியலாளர் டேவிட் மாண்டல்பாம் இந்த ஏற்பாட்டையும், அது தளர்ந்து போனதையும் எழுதியிருக்கிறார். நம்ம பாஷையில் அது ஒரு ஏஎம்சி. இரும்புக்கு வாங்கும் விலை ஒன்று, வைத்துக் காப்பாற்றும் விலை ஒன்று என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கடைச் சந்தையில் சாமான் வர ஆரம்பித்த பிறகு அந்த இரண்டாவது விலை நம்ம தலையில் விழுந்தது.

சரி, கடைக்குப் போவோம். இரண்டு வகை இருக்கும். தகட்டிலிருந்து செய்த கல் மெல்லிசு, லேசு, சீக்கிரம் சூடாகும், கீழே விழுந்தால் நெளியும். வார்ப்பிரும்பு அச்சில் ஊற்றி எடுப்பது. கனமாக இருக்கும், மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கும், சூட்டை விடாது. கரி அதிகம் சேர்ந்த இரும்பு என்பதால் கீழே விழுந்தால் விரிசல் விடும். தூக்கி விரலால் சுண்டிப் பாருங்க. கணீர்னு கேட்டால் நல்லது, சத்தம் செத்திருந்தால் எங்கேயோ விரிசல். சமமான மேஜையில் வைத்து ஆடுதான்னு பாருங்க. இண்டக்‌ஷனில் வைக்கப் போறீங்கன்னா அடி தட்டையா இருக்கணும். பளபளன்னு கறுப்பு பெயிண்ட் அடித்தது வேண்டாம். காயலான் கடைக் கல் மலிவுதான், ஆனால் முன்னால் அதில் என்ன காய்ச்சினார்கள் என்று தெரியாததால் நான் சொல்ல மாட்டேன். அம்மா வீட்டுப் பரணில் பழைய கல் இருந்தால் கேட்டு வாங்கிக்கோங்க. பட்ஜெட்டில் பூஜ்யம் போடலாம்.

இனி பழக்குவது. ஊரில் என்ன சொல்வாங்க? வடித்த கஞ்சியை ஊற்றி மூணு நாள் வை. கீழ்நாட்டு வெயிலில் அது நடக்கும். நவம்பர் மழையில் குன்னூரில், கோத்தகிரியில் செய்தால் நாலாம் நாள் கல் செம்மண் நிறத்தில் இருக்கும். கஞ்சியின் லேசான புளிப்பு அழுக்கையும் துருவையும் எடுக்கும், அவ்வளவுதான். ஒட்டாத படலத்தை உண்டாக்குவது எண்ணெயும் சூடும். எண்ணெய் மெல்லிசாகப் பரவி அதிக சூட்டில் காயும்போது, ஒன்றோடொன்று பின்னிக் கெட்டியாகி இரும்பைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் மலையில் கஞ்சி ஒரு ராத்திரி போதும்.

காலையில் தேங்காய் நாரும் சோப்பும் போட்டு நல்லாத் தேயுங்க. அடுப்பில் வைத்து ஈரம் முழுசாகப் போகும் வரை காய வையுங்க. வெதுவெதுப்பாக இருக்கும்போது சூரியகாந்தி எண்ணெயோ நல்லெண்ணெயோ அரை ஸ்பூன், அடிப்பக்கமும் சேர்த்து. பிறகு, தெரியாமல் தடவிட்டோம் என்பதுபோல பழைய பருத்தித் துணியால் எல்லாவற்றையும் துடைத்து எடுத்துடுங்க. இதுதான் முக்கியம். எண்ணெய் தங்கினால் பிசுபிசுன்னு பசை மாதிரி ஆயிடும். ஜன்னலைத் திறந்து வைத்து, நடுத்தர தீயில் புகை வந்து அடங்கும் வரை விடுங்க. ஆறினதும் மறுபடி. நாலைந்து சுற்று, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

முதல் சமையல் தோசை வேண்டாம். நிறைய வெங்காயம் வதக்குங்க, இரண்டு மூணு நாள். முதல் மாதம் தக்காளி, புளி, எலுமிச்சை பக்கமே போகாதீங்க, படலத்தைத் தின்னுடும். கொஞ்சம் பாத்திர சோப்பு போட்டால் ஒன்றும் ஆகாது. ஊற வைப்பதுதான் கெடுக்கும்.

சத்து விஷயம் கேட்பீங்க. புளிப்பான பதார்த்தத்தில் கொஞ்சம் இரும்பு இறங்குவது உண்மைதான், ஆனால் டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு அது பதில் இல்லை. தலசீமியா, அரிவாள் செல் நோய் என்று அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் கேட்டுட்டு வாங்குங்க. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் நோய் இருப்பதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன்.

துரு வந்துட்டால் தூக்கிப் போடாதீங்க. தேய்த்து, காய வைத்து, மறுபடி இரண்டு சுற்று எண்ணெய். சிங்க்குக்கு அடியில் வைக்காமல் அடுப்புப் பக்கம் மாட்டுங்க. பொங்கலுக்குப் பத்து நாள் ஊருக்குப் போறீங்கன்னா, கிளம்பும் அன்று சூடாக்கி, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, செய்தித்தாளில் சுற்றி பீரோவுக்குள் வெச்சுட்டு பஸ் ஏறுங்க.