வலிப்பு நோயும் நாடாப் புழுவும்

கொங்கு நாட்டில் ஒருவன் வலிப்புக் கண்டு வீழ்ந்தால் அவன் கையில் இரும்புச் சாவியைத் திணிப்போர் இன்றும் உளர். பேயென்பார் சிலர், தெய்வக் குற்றமென்பார் சிலர். பெண்ணொருத்திக்கு அது வந்துவிட்டாலோ, வீட்டார் அதனை மறைத்தே வரன் தேடுகின்றனர். இவ்வியாதியை விவாகத்திற்குத் தடையாக வைத்திருந்த ஹிந்து விவாகச் சட்டம் 1999-ல் திருத்தப்பட்டது. ஊரார் வாயைத் திருத்த எந்தச் சட்டசபையால் ஆகும்?

பேயன்று, புழுவே பலருடைய வலிப்புக்குக் காரணம். வேலூர் ஜில்லாவில் சுமார் 50,000 ஜனங்களிடையே செய்யப்பட்டு 2006-ல் வெளியான ஆராய்ச்சியில், 1,000 பேருக்கு ஏறக்குறைய 4 பேர் வலிப்பினால் வருந்தக் கண்டனர். அவர்களுள் மூன்றிலொரு பங்கினரின் நோய்க்குக் காரணம், மூளையில் தங்கிய பன்றி நாடாப் புழுவின் இளம் பருவமே.

இவ்வுண்மை எளிதில் வெளிப்படவில்லை. ஸி.டி. ஸ்கான் நம் நாட்டுக்கு வந்தபின், வலிப்புடையோர் பலரின் மூளையில் சிறு புள்ளியொன்று தெரிந்தது. க்ஷயரோகக் கட்டியென்று கருதிய வைத்தியர்கள் மாதக்கணக்கில் க்ஷய மருந்து கொடுத்தனர். புள்ளியும் மறைந்தது, புகழ் மருந்துக்குச் சென்றது! வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியின் மாத்யூ சாண்டி, வேதாந்தம் ராஜசேகர் முதலியோர் அப்புள்ளியையே எடுத்துச் சோதித்து, அது புழுவென்று 1989-ல் 'லான்ஸெட்' பத்திரிகையில் அறிவித்தனர். பலருக்கு அது தானாகவே மறையக்கூடியது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. வேண்டாத க்ஷய மருந்தினின்று எத்தனையோ பேர் தப்பினர்.

"நாங்கள் மாமிசம் தொடாதவர்கள், எங்களுக்கேன் இக்கவலை?" என்று நம் அன்பர் சிலர் கேட்கலாம். அவர்களுக்கே இதனை அழுத்திச் சொல்கிறோம். நன்கு வேகாத பன்றியிறைச்சியை உண்டவன் குடலில் வளர்வது நாடாப் புழு. அது பல முழ நீளம் வளர்ந்தும் பெருந்துன்பம் செய்யாதிருக்கலாம். ஆனால் அதன் முட்டைகள் அவன் மலத்தோடு வெளியேறுகின்றன. கழுவாத கையாலும், அசுத்த நீராலும், பச்சைக் காய்கறியாலும் அவை பிறர் வயிற்றுள் புகுந்து, குஞ்சு பொரித்து, இரத்த வழியே மூளையை அடைகின்றன. உண்டவன் ஒருவன், வலிப்பால் வீழ்பவன் ஆயுள் முழுதும் சைவமாகவே உண்ட வேறொருவன்! வெட்டவெளி மலங்கழிப்பும், அங்கே மேயும் பன்றியும் உள்ளவரை இச்சுழல் ஓயாது.

குடற்புழுவுக்குச் சிகிச்சை எளிது. முன்னாளில் மாதுளை வேர்ப்பட்டைக் கஷாயம் கொடுத்தனர். மேனாட்டு வைத்தியரும் அதனைக் கையாண்டதுண்டு. இன்று நிக்ளோஸமைடு அல்லது பிராஸிகுவாண்டல் ஒரே வேளை கொடுத்தால் போதும். மூளைப் புழுவோ அவ்விதமன்று. அல்பெண்டஸோலினால் உயிருள்ள புழு மடியும்போது, அதனைச் சூழ்ந்த மூளை வீங்கும். ஆகவே வீக்கத்தையடக்கும் ஸ்டீராய்டையும் வலிப்பு மருந்தையும் சேர்த்தே வைத்தியர் கொடுக்கின்றனர். மூளை முன்னமே வீங்கியிருப்பின் புழுமருந்தே ஆபத்தாகலாம். செத்துச் சுண்ணாம்பாய் இறுகிய புழுவுக்கு அது வீண். மருந்துக் கடையில் தாமே மாத்திரை வாங்கி விழுங்குவோர் இதனைக் கவனிப்பார்களாக.

வலிப்புக் கண்டவருக்கு முதலில் வேண்டுவது ஸ்கான். அதில் புழு தென்பட்டால், அவர் வீட்டிலுள்ள அனைவரின் மலத்தையும் சோதித்து, நாடாப் புழு உடையவர் எவரென்று காணவேண்டும். அவர் நோயாளிக்கு அன்றாடம் சோறிடுபவராகவும் இருக்கலாம்.