கடை மூடினால் கை நடுங்கும்

பெங்களூர் இரண்டு முறை கடையை மூடிப் பார்த்துவிட்டது. இரண்டு முறையும் குடிநோயாளியைப் பற்றி மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

2020 மார்ச் கடைசி வாரம். கொரோனா ஊரடங்கு வந்ததும் பெங்களூரின் மதுக்கடைகள் எல்லாவற்றிலும் பூட்டு தொங்கியது. எந்தக் காந்தியவாதியும் கனவு கண்டிராத வேகத்தில் முழு மதுவிலக்கு. சில நாட்களிலேயே மருத்துவமனைகளுக்கு வேறு ரக நோயாளிகள் வந்து சேர்ந்தார்கள். காய்ச்சல், இருமல் இல்லை. கை நடுக்கம், வியர்வை, இல்லாத பூச்சிகளைச் சுவரில் பார்த்து அலறல். கடுமையான குடி நிறுத்த உபாதையோடு வந்தவர்களின் எண்ணிக்கை, சராசரியாக நாளுக்கு 4 பேர் என்பதிலிருந்து 8 ஆக உயர்ந்தது என்று நகர மருத்துவமனைகளின் கணக்கை வைத்து நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் பின்னர் எழுதினார்கள்.

காரணம் எளிது. வருடக்கணக்கில் தினமும் குடிப்பவரின் மூளை, மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை எப்போதும் முடுக்கியே வைத்திருக்கிறது. மது திடீரென்று நின்றால் முடுக்கம் மட்டும் மிஞ்சும். முதல் நாளில் நடுக்கம், சிலருக்கு வலிப்பு. இரண்டு மூன்று நாட்களில் ஜன்னி. கவனிக்காமல் விட்டால் உயிரும் போகலாம். டயஸெபாம் வகை மாத்திரையும் தயாமின் வைட்டமினும் கொடுத்து ஒரு வாரம் பார்த்துக்கொண்டால் பெரும்பாலோர் கரையேறிவிடுவார்கள். இரண்டுமே விலை உயர்ந்தவை அல்ல.

பக்கத்துக் கேரளத்தில் தற்கொலைச் செய்திகள் வரவே, டாக்டர் சீட்டு காட்டினால் மது என்று அரசு உத்தரவிட்டது. மருத்துவர்கள் கொதித்தெழ, உயர் நீதிமன்றம் தடை விதித்தது. கர்நாடகம் அந்த வம்புக்கே போகவில்லை. மே 4ல் கடையைத் திறந்தது. முதல் நாள் விற்பனை மட்டும் சுமார் 45 கோடி ரூபாய்.

பாக்கெட் போன பிறகு

இதற்கு முந்தைய பரிசோதனை இன்னும் கசப்பானது. 2007 ஜூலை 1ல், குமாரசாமி தலைமையிலான கூட்டணி அரசு மாநிலம் முழுவதும் சாராயத்துக்குத் தடை போட்டது. பாக்கெட்டில் விற்ற மலிவுச் சாராயம்தான் கூலித் தொழிலாளியின் குடி. தடை வந்ததில் பல வீடுகளில் பெண்கள் நிம்மதி அடைந்திருப்பார்கள். அதைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆனால் 'ஃபாரின் சரக்கு' எனப்படும் பிராந்தி, விஸ்கிக்குத் தடை இல்லை. அதாவது, குடிக்கக் கூடாது என்று அரசு சொல்லவில்லை. மலிவாகக் குடிக்கக் கூடாது என்றுதான் சொன்னது.

பத்து மாதம் கழித்து, 2008 மே மாதம், சட்டசபைத் தேர்தல் நடந்துகொண்டிருந்தபோது அதற்கான பதில் வந்தது. பெங்களூரிலும் சுற்றுப்புறங்களிலும், எல்லைக்கு இப்பால் கிருஷ்ணகிரியிலும் கள்ளச்சாராயத்துக்கு 150க்கும் மேற்பட்டோர் பலி. குற்றவாளி மெத்தனால். பெயின்ட், ரசாயனத் தொழிலுக்கான இந்தத் திரவத்தை ஈரல் ஃபார்மிக் அமிலமாக மாற்றுகிறது. முதலில் கண் போகிறது, பிறகு உயிர். பெங்களூருக்கு இது புதிதும் அல்ல: 1981ல் இதே நகரத்தில் 300க்கும் மேற்பட்டோர் விஷச் சாராயத்துக்குச் செத்திருந்தார்கள். அப்போது சாராயத்துக்குத் தடை இல்லை. எனவே தடைதான் கொன்றது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோர் இறந்ததும் டாஸ்மாக் கடைகள் திறந்திருக்கும் மாநிலத்தில்தான். தமிழ்நாட்டில் மலிவு விலை மதுவை ஜெயலலிதா அரசு 1991ல் ஒழித்தது. தடையோ, திறப்போ, கடைவிலை கைக்கு எட்டாதவன் எதையாவது குடிக்கிறான்.

இந்தக் கதையில் மாறாத ஒன்று கஜானா. 2025-26 பட்ஜெட்டில் கர்நாடகம் கலால் வரியில் எதிர்பார்த்த தொகை 40,000 கோடி ரூபாய். குடிக்காதே என்று பிரசாரம் செய்ய அதே அரசுக்கு 'மத்யபான சம்யம மண்டளி' என்று ஒரு வாரியமும் இருக்கிறது. கடையில் அரசுக்கு வரவு, வாரியத்தில் செலவு. எந்தப் பக்கம் கனம் என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

சிகிச்சை என்ற மூன்றாவது வழியில்தான் கூட்டமே இல்லை. எய்ம்ஸ் நடத்தி 2019ல் வெளியான தேசிய ஆய்வின்படி, மதுவால் பாதிக்கப்பட்டு உதவி தேவைப்படுவோர் 5.7 கோடிப் பேர். மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருந்தார். ஆஸ்பத்திரியில் தங்கிச் சிகிச்சை பெற்றவர், 180க்கு ஒருவர். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் போன்ற ஒரு நிறுவனம் இருப்பது பெங்களூரின் அதிர்ஷ்டம். ஆனால் தினக்கூலியை விட்டுவிட்டு பஸ் பிடித்து வருபவர் எத்தனை பேர்?

நோயாளி வராவிட்டால் சிகிச்சை அவரிடம் போகலாம். சென்னை டி.டி.கே. மருத்துவமனை 1989லேயே தஞ்சைப் பகுதியின் மஞ்சக்குடி கிராமத்தில் முகாம் போட்டு இதைச் செய்து காட்டியது. உள்ளூரிலேயே தங்கவைத்து மருந்து, ஆலோசனை, மனைவிமார்களுக்கும் தனி அமர்வு. முகாம் முடிந்த பிறகும் யார் மறுபடி குடிக்கப் போகிறார் என்று கண்காணிக்க ஊரே இருந்தது. கர்நாடகத்தில் இத்தகைய முகாம்களை நூற்றுக்கணக்கில் நடத்தியிருப்பது தர்மஸ்தலாவைச் சேர்ந்த கிராம அபிவிருத்தி அமைப்பு. அது கோயிலைச் சார்ந்தது. கலால் துறையைச் சார்ந்தது அல்ல.