இணையதள வருகைக் கணக்கும் விளம்பரத் தடுப்பான்களும்

நெசவாளர் சங்கங்களும் விளைபொருள் விற்பனைச் சங்கங்களும் இந்நாளில் இணையதளம் அமைத்துச் சரக்கு விற்று வருகின்றன. தளத்திற்கு வந்தோர் தொகையை நிர்வாகக் குழுவின் முன் வைப்பதும் உண்டு. அத்தொகை குறைந்தால், தளத்தினால் பயனில்லை என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். அங்ஙனம் முடிவு செய்யுமுன் அக்கணக்கு எடுக்கப்படும் முறையை அறிதல் வேண்டும்.

கூகுள் அனலிட்டிக்ஸ் போன்ற கணக்கெடுப்புக் கருவிகள் வெளி நிறுவனங்களுக்கு உரியவை. அவற்றின் சிறு நிரல், வாடிக்கையாளரின் உலாவியில் இயங்கி, அவர் வந்த செய்தியைத் தன் நிறுவனத்திற்கு அனுப்பும். விளம்பரத் தடுப்பானோ உலாவியில் சேர்க்கப்படும் காவற்கருவி. 2014-இல் வெளிவந்த யூபிளாக் ஆரிஜின் அத்தகையது. ஈஸிலிஸ்ட், ஈஸிபிரைவசி முதலிய பட்டியல்களில் கண்ட முகவரிகளோடு உலாவி தொடர்பு கொள்ளாதபடி அது தடுத்துவிடும். பிரேவ் உலாவியில் இத்தடுப்பு முன்னமே அமைந்துள்ளது. ஆகவே, ஒருவர் நம் தளத்திற்கு வந்து சேலை வாங்கிச் சென்றும், வருகைக் கணக்கில் இடம் பெறாமற் போகலாம்.

இன்னொரு விளைவும் உண்டு. வெளியிலிருந்து கொணர்ந்து பொருத்திய உரையாடற் பெட்டி, சமூக வலைத்தளப் பொத்தான் ஆகியவை சிலருக்குத் தோன்றா. நம் சொந்தப் படத்தின் கோப்புக்கு ‘ஆட்ஸ்’, ‘பேனர்’ என்ற பொருளில் ஆங்கிலப் பெயரிட்டிருந்தால், அதையும் விளம்பரமென்று கருதித் தடுப்பான் மறைத்துவிடக் கூடும். விலை கேட்க வந்தவர் வழி காணாது திரும்பினால் நட்டம் நெசவாளிக்கே.

இதற்குப் பரிகாரம் எளிது. முதலாவது, சங்கத்தின் முகவரி, தொலைபேசி எண், விலை ஆகியவற்றைப் பக்கத்திலேயே எழுத்தில் தருக. இரண்டாவது, ஆர்டர் படிவம் நம் தளத்திலேயே இருக்கட்டும். மூன்றாவது, சர்வரின் பதிவேட்டையும் பார்க்க. தானியங்கி நிரல்களின் வருகையும் அதில் கலந்திருக்குமாதலின் அவற்றைக் கழித்துக் கொள்க. நான்காவது, தடுப்பான் பூட்டிய உலாவியில் தளத்தைத் திறந்து, ஓர் ஆர்டரை முடிவு வரை அனுப்பிச் சோதிக்க.

தடுப்பானை நீக்கிவிட்டு வருமாறு வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்துதல் தகாது. தம் நடமாட்டத்தைப் பிறர் அறியாமற் காத்துக் கொள்வது அவர் உரிமை. ரொக்கப் புத்தகத்தை ரசீதுகளோடு ஒத்துப் பார்ப்பதுபோல், வருகைக் கணக்கை ஆர்டர் பதிவேட்டோடும் விற்பனைத் தொகையோடும் ஒத்துப் பார்த்தபின் தளத்தின் பயனை நிர்வாகக் குழுவினர் முடிவு செய்வார்களாக.