மருந்தே விஷமானால்?

தோலில் தோன்றும் படர்தாமரையைக் களிம்பு தடவிப் போக்கிவிடலாம். ஆனால் பூஞ்சண வகைகளில் சில இரத்தத்திலும் நுரையீரலிலும் மூளையிலும் குடிபுகுந்துவிட்டால், அங்கே களிம்புக்கு வேலையில்லை. இரத்தத்தில் செலுத்தும் கடுமையான மருந்துதான் வேண்டும். அம்மருந்து நோயாளியையும் சேர்த்து வாட்டிவிடுகிறதே என்பதுதான் வைத்தியர்களின் நெடுநாளைய கவலை.

இதற்குக் காரணம் உண்டு. பாக்டீரியாக் கிருமியின் அமைப்பு நம் உயிரணுக்களின் அமைப்பினின்றும் வெகுவாக வேறுபட்டது. பூஞ்சணமோ நமக்குத் தூரத்து உறவு! அதன் உயிரணுச் சவ்வில் எர்கோஸ்டெரால் இருக்கிறது. நம்முடையதில் அதைப் போன்ற கொலஸ்டிரால் இருக்கிறது. வெனிசுவேலா நாட்டு ஓரினோகோ நதிப் பிரதேசத்து மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிரிடமிருந்து 1950-களில் கிடைத்த 'ஆம்போடெரிசின்-பி' முன்னதை இறுகப் பற்றிப் பூஞ்சணத்தைக் கொல்கிறது. ஆயினும் பின்னதையும் அடியோடு விட்டுவைப்பதில்லை. அதனால் நோயாளிக்குக் குளிர் நடுக்கமும் காய்ச்சலும் உண்டாகின்றன, சிறுநீரகமும் பழுதடைகிறது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான்!

நஞ்சைக் குறைக்க வழி என்ன? மருந்துக்கு முன்னே உப்பு நீரை இரத்தத்தில் ஏற்றுவது ஒரு வழி; அது சிறுநீரகத்துக்கு ஓரளவு காப்பு. இன்னும் சிறந்த வழி, மருந்தைக் கொழுப்புக் குமிழிகளில் பொதிந்து அனுப்புவது. மயிரிழையைவிடப் பல நூறு மடங்கு நுண்ணிய இக்குமிழிகளை 1960-களில் இங்கிலாந்தில் ஆலெக் பாங்ஹாம் ஆராய்ந்து கண்டார். குமிழியின் சுவரில் தங்கிய மருந்து வழியில் எளிதில் சிந்துவதில்லை. பூஞ்சணம் உள்ள இடத்தில் தன் வேலையைக் காட்டுகிறது. பழைய முறையில் உடல் எடையில் கிலோவுக்கு 1 மில்லிகிராம் அளவிலேயே தயங்கி நின்ற வைத்தியர், இம்முறையில் 5 மில்லிகிராம் வரையிலும் துணிந்து கொடுக்கிறார்.

இத்துறையில் நம்மவர் கை கட்டி நிற்கவில்லை. முன்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி நடத்திய பிமல் குமார் பச்சாவத், பின்னர் டில்லி சர்வகலாசாலையில் தம் குழுவினருடன் இத்தகைய குமிழி மருந்தை உருவாக்கினார். பம்பாய் கே. இ. எம். மருத்துவமனையில் அது நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது.

ஆயினும் 2021-ஆம் ஆண்டில், கொரோனாவைத் தொடர்ந்து கரும்பூஞ்சை நோய் பரவியபோது நேர்ந்தது என்ன? குமிழி மருந்துக்குக் கடும் தட்டுப்பாடு ஏற்பட்டது. உறவினர்கள் கடை கடையாக அலைந்தார்கள். பலருக்குச் சிறுநீரகத்தை வருத்தும் பழைய மருந்தே கதியாயிற்று. குமிழி மருந்தின் விலையோ பழையதைவிடப் பன்மடங்கு.

நஞ்சைக் குறைக்கும் வித்தையை விஞ்ஞானம் தந்துவிட்டது. நம் நாட்டு அறிஞரும் அதைக் கற்றுத் தேர்ந்தனர். இனி அம்மருந்தை வேண்டிய அளவு செய்து, ஏழை நோயாளியின் படுக்கைக்கும் கொண்டு சேர்ப்பது ஒன்றே பாக்கி. பணமுள்ளவனுக்கு மருந்தும் இல்லாதவனுக்கு விஷமும் என்ற நிலையை நாம் பொறுத்திருக்கலாகாது.