ஓட ஆரம்பிச்சாச்சு! விட்டுவிடாமல் இருப்பது எப்படி?



புது வருஷம் பிறந்த முதல் வாரத்தில் தோட்டத்துத் திடல் பக்கம் சாயங்காலம் போய்ப் பாருங்கள். பத்துப் பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். அடுத்த வாரம் ஆறு பேர். மாதக் கடைசியில் ஒருவரோ இருவரோதான் மிச்சம். மற்றவர்களைக் கேட்டால் ஆளுக்கொரு பதில். "முட்டி வலிக்குதுங்க." "வேலை முடிஞ்சு வந்தா உடம்பு அசந்து போவுது." "ஓடி ஓடி என்னத்தைக் கண்டேன்?"

இந்தக் கடைசிக் கேள்விதான் பலரை வீட்டில் உட்கார வைக்கிறது. ஓடியதால் என்ன கண்டோம் என்று காட்ட அவர்கள் கையில் கணக்கு இல்லை. நாம் கணக்குத் தெரியாதவர்களா? இன்றைக்கு எத்தனை கிலோ பால், எத்தனை குலை என்று கிராணி எழுதுகிறார். அது சரிதானா என்று பார்க்க நாமும் ஒரு துண்டுத் தாளில் குறித்து வைக்கிறோம். சம்பளத்துக்கு வைக்கிற கணக்கை உடம்புக்கும் வைத்தால் என்ன? இந்த மாதம் அதைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

"மரம் வெட்டுறதே போதாதா?"

நியாயமான கேள்வி. தீம்பாரில் நடப்பதும் குனிவதும் தூக்குவதும் உழைப்புதான். ஆனால் அந்த வேலை நின்று நின்று நடப்பது. இதயத்தைச் சீராக, தொடர்ந்து சிறிது நேரம் வேலை வாங்குவது வேறு. லாரி ஓட்டுபவர், ஸ்டோரில் வேலை செய்பவர், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் ஆகியோருக்கு அந்த உழைப்பும் இல்லை. இரத்த அழுத்தமும் சர்க்கரை நோயும் நம் குடும்பங்களில் எத்தனை பேரைப் படுக்கையில் தள்ளியிருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். வாரத்துக்கு 150 நிமிடம் வேகமான நடை, அல்லது 75 நிமிடம் ஓட்டம் போன்ற கடுமையான பயிற்சி, பெரியவர்களுக்குத் தேவை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. 75 நிமிடம் என்பது வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு 25 நிமிடம். அவ்வளவுதான்.

ஒரு தொழிலாளியின் ஓட்டம்

எமில் ஜாட்டோபெக் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவில் 1922இல் பிறந்தவர். இளம் வயதிலேயே ஸ்லின் நகரத்தில் பாட்டா சப்பாத்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். 1941இல் தொழிற்சாலை நடத்திய ஓட்டப் பந்தயத்தில் ஓடும்படி அவருக்குச் சொன்னார்கள். "எனக்கு உடம்பு சரியில்லை" என்று நழுவப் பார்த்தார். விடவில்லை. வேண்டாவெறுப்பாக ஓடியவர் இரண்டாவதாக வந்தார். ஆசை பிடித்துக்கொண்டது. 1948இல் இலண்டன் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கினார். 1952இல் ஹெல்சிங்கியில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் மூன்றிலும் எட்டு நாளுக்குள் தங்கம் வாங்கினார். அதற்கு முன் அவர் மாரத்தான் ஓடியதே இல்லை!

நம் பக்கத்திலும் பாருங்கள். 1983இல் சிங்கப்பூரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் பெண்கள் மாரத்தானில் தங்கம் வாங்கியவர் சிங்கப்பூரின் கே. ஜெயமணி. 42 கிலோமீட்டருக்கும் மேல்! "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு ஓட்டம்?" என்று கேட்பவர்களுக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

நீங்கள் ஒலிம்பிக் போக வேண்டியதில்லை. ஆனால் முதல் நாள் ஓட மனமில்லாதவர்கூடப் பிறகு விடாமல் ஓட முடியும் என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள்.

எப்படி ஆரம்பிப்பது?

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், இரத்த அழுத்தம், சர்க்கரை, நெஞ்சு நோய் உள்ளவர்கள் முதலில் கிளினிக்கில் காட்டிக்கொள்ளுங்கள். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுபவர்களுக்கு ஓடும்போது சர்க்கரை திடீரென்று இறங்கலாம். சட்டைப் பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும்.

முதல் வாரம் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இப்படி ஏழெட்டு முறை. அடுத்தடுத்த வாரங்களில் ஓட்டத்தைக் கூட்டி நடையைக் குறையுங்கள். வேகம் எவ்வளவு? பக்கத்தில் ஓடுபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். பலர் மூன்றாவது வாரத்தில் விட்டுவிடக் காரணமே, முதல் நாளே பந்தயம் மாதிரி ஓடுவதுதான்.

தூரம் தெரியாதே என்கிறீர்களா? முழு அளவு கால்பந்துத் திடலைக் கோட்டோரமாக மூன்று சுற்று வந்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். தோட்டத்துச் சாலை என்றால் மோட்டாரில் ஒரு தடவை போய் மீட்டரைப் பார்த்து, ஒரு மரத்தில் அடையாளம் வையுங்கள். கைத்தொலைபேசியே தூரத்தைக் காட்டும் காலம் இது. ஆனாலும் எழுதி வைப்பதற்கு ஈடாகாது.

நோட்டுப் புத்தகத்தில் என்ன எழுதுவது?

சீனன் கடையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஓடிய அன்றே, குளிப்பதற்கு முன்பே எழுதுங்கள்.

1. தேதி, ஓடிய நிமிடம், தூரம்.
2. உடம்பு எப்படி இருந்தது? "லேசு", "பரவாயில்லை", "கஷ்டம்". ஒரு சொல் போதும்.
3. முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூக்கம்? அன்றைக்கு வேலை கடுமையா?
4. வலி ஏதும் உண்டா? எந்தக் கால், எந்த இடம்?
5. காலை நாடித் துடிப்பு. படுக்கையை விட்டு எழுமுன் மணிக்கட்டில் விரலை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள்.

இந்த ஐந்தாவதுதான் நல்ல சாட்சி. இதயம் பலப்பட்டால் சும்மா இருக்கும்போது மெதுவாகத் துடிக்கும். மாதக் கணக்கில் எண்ணிக்கை இறங்குவது தெரியும். ஒரு நாள் திடீரென்று வழக்கத்தைவிடப் பத்துக்கு மேல் கூடியிருந்தால் உடம்பு களைத்திருக்கிறது, அல்லது காய்ச்சல் வரப் போகிறது. அன்றைக்கு ஓய்வு.

எனக்குத் தெரிந்த செம்பனைக் குலை வெட்டும் தோழர் ஒருவர், சர்க்கரை நோய் என்று தெரிந்ததும் ஓட ஆரம்பித்தார். தினமும் தராசில் ஏறி நின்றார். ஒரு மாதமாகியும் எடை இறங்கவில்லை. "இது நமக்கு ஆவாது" என்று விட்டுவிட்டார். பிறகு அவர் மகள்தான் நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டுக் கொடுத்தாள். மறுபடி தொடங்கினார். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் எடை ஒரு கிலோதான் குறைந்திருந்தது. ஆனால் முதலில் இரண்டு நிமிடம் ஓட முடியாதவர் இருபது நிமிடம் நிற்காமல் ஓடுகிறார்! காலை நாடி 84இலிருந்து 76க்கு வந்துவிட்டது. "முன்னயும் இப்படித்தான் இருந்திருக்கும் போல. எழுதாததால தெரியல" என்றார். அவர் மட்டுமல்ல, நாமும் தராசை மட்டும்தான் நம்புகிறோம்.

சர்க்கரை நோயாளிகள் கிளினிக்கில் எடுக்கும் மூன்று மாதச் சர்க்கரைச் சோதனை முடிவையும் அதே புத்தகத்தில் எழுதி வையுங்கள்.

முன்னேற்றம் நின்றுவிட்டதா?

முதல் இரண்டு மாதம் வேகமாக முன்னேறுவீர்கள். பிறகு மெதுவாகும். இது எல்லாருக்கும் நடப்பது. ஆகவே தினமும் நேரத்தை ஒப்பிட்டு மனம் நோகாதீர்கள். நேற்று வெயில், இன்றைக்கு மழை ஈரம், முந்தாநாள் இரட்டை வேலை. எல்லாம் ஒன்றாகுமா? மாதம் ஒரு முறை மட்டும் அதே பாதை, அதே நேரம், அதே தூரம் ஓடிப் பாருங்கள். அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதுங்கள். அதுதான் உங்கள் பரீட்சை.

முன்னேற்றம் நின்றால் இன்னும் கடுமையாக ஓடுவது மருந்தல்ல. புத்தகத்தைப் புரட்டுங்கள். தூக்கம் குறைந்திருக்கும், அல்லது ஓய்வு நாளே இல்லாமல் இருக்கும். வாரத்துக்கு வாரம் தூரத்தைப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூட்டாமல் இருப்பது நல்லது. கடுமையான வேலை செய்த நாளில் ஓடாவிட்டால் பாவமில்லை. "வேலை கடுமை, ஓய்வு" என்று எழுதுங்கள். அதுவும் கணக்குதான். ஒரு வாரம் விட்டுப் போனாலும் வெட்கப்படாதீர்கள். கொஞ்சம் குறைத்து மறுபடி தொடங்குங்கள்.

எப்போது ஓடவே கூடாது?

காய்ச்சல் இருக்கும்போது ஓடாதீர்கள். "வேர்த்தா சரியாப் போயிடும்" என்பது தப்பு. சில கிருமிக் காய்ச்சல்கள் இதயத் தசையையும் தாக்கும். அந்த நேரத்தில் ஓடுவது உயிருக்கே ஆபத்து. கணக்குப் புத்தகத்தில் ஒரு நாள் வெற்றிடம் விழுகிறதே என்று பார்க்க வேண்டாம்.

புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக் குறியீடு 100ஐத் தாண்டினால் வெளியில் ஓட வேண்டாம். உச்சி வெயிலிலும் வேண்டாம். விடிகாலையோ, மாலை ஐந்தரைக்கு மேலோ நல்லது. தண்ணீர் குடியுங்கள். ஓடி முடித்துப் பாகு மாதிரி தேநீர் குடித்தால் செய்த வேலை வீண்.

ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, மயக்கம், வழக்கமில்லாத மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்துங்கள். காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. தனியாக ஓடுபவர் சீக்கிரம் விட்டுவிடுவார். பக்கத்து வீட்டுத் தம்பியை, தங்கச்சியைக் கூட்டிக்கொள்ளுங்கள். "அண்ணே, இன்னைக்கு வரலியா?" என்று வாசலில் ஒரு குரல் கேட்டால் போதும், கால் தானாகச் சப்பாத்தைத் தேடும். அம்மாமார்களே, நீங்களும் பிள்ளைகளோடு திடலுக்கு வாருங்கள். ஓட முடியாவிட்டால் வேகமாக நடங்கள். புத்தகத்தில் உங்களுக்கும் ஒரு பக்கம் உண்டு.

இன்றைக்கே நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். முதல் வரியில் இன்றைய தேதியை எழுதுங்கள். மூன்று மாதம் கழித்து அந்த வரியைத் திருப்பிப் பாருங்கள். என்னத்தைக் கண்டோம் என்பதற்குப் பதில் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்!