மானிய நிலமும் ஒரு சட்டத் திருத்தமும்

கோயில் ஊழியத்துக்கு ஈடாகத் தேவதாசிக் குடும்பங்களுக்கு மானிய நிலம் விடுவது பழைய வழக்கம். ஊழியம் நின்றால் நிலம் கைவிட்டுப் போகும். அதனால் தலைமுறைதோறும் ஒரு மகளுக்காவது பொட்டுக்கட்டி, அதாவது தாலி அணிவித்துக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டாக வேண்டும். பக்தி, மரபு என்றெல்லாம் சொல்லப்பட்டதற்கு அடியில் கிடந்த இந்த வயிற்றுப்பாட்டைச் சட்டசபையில் சரியாகக் குறிவைத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். தாயார் சந்திரம்மாள் தேவதாசி குலத்தவர் என்பதால், இந்தக் கணக்கை அவருக்கு வெளியாள் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-ல் நியமன உறுப்பினராகச் சென்னைச் சட்டசபைக்குள் நுழைந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டசபை உறுப்பினரான முதல் பெண் அவரே. துணைத் தலைவராக அவரைச் சபை ஏகமனதாகத் தேர்ந்தெடுத்தது. குழந்தைத் திருமணத் தடுப்பு, பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலம், விபசார விடுதி ஒழிப்பு என்று பலவற்றுக்காகவும் வாதாடினார்.

பொட்டுக்கட்டுவதைத் தடுக்கக் கோரி அவர் கொண்டுவந்த தீர்மானத்தைச் சபை 1927 நவம்பரில் ஏற்றது. தீர்மானம் ஊரில் எதையும் மாற்றிவிடாது என்பது அவருக்குத் தெரியும். 1929-ல் இந்து சமய அறநிலையச் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, நிலத்தையும் ஊழியத்தையும் பிரித்தார். நிலம் அந்தப் பெண்ணிடமே இருக்கும். அதற்காகக் கோயிலில் ஊழியம் செய்யும் கடமை இல்லை. யாரையும் சிறைக்கு அனுப்பாமல் கட்டாயத்தின் வேரை அறுத்த இந்தத் திருத்தத்தைத்தான் அவருடைய சட்டசபைப் பணியின் உச்சம் என்பேன்.

காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி போன்றவர்கள் அவரை எதிர்த்தார்கள். அதைவிடக் கனமான எதிர்ப்பு தேவதாசிகளிடமிருந்தே வந்தது. பாடகி பெங்களூரு நாகரத்தினம்மாளும் அவர்களில் ஒருவர். சொத்து வைத்துக்கொள்ளவும் மகளைத் தத்தெடுக்கவும் மற்ற இந்துப் பெண்களுக்குப் பெரும்பாலும் இல்லாத உரிமை வழக்கப்படி அவர்களுக்கு இருந்தது. எங்கள் எல்லோரையும் ஒரே தராசில் வைத்து ஒழுக்கங்கெட்டவர்கள் என்று எப்படிச் சொல்லலாம் என்ற அவர்களின் ஆதங்கத்துக்கு முத்துலட்சுமியின் பேச்சுகளில் போதுமான பதில் இல்லை. அவரை மதிக்கிறவர்களும் இதைச் சொல்லியாக வேண்டும்.

1930-ல் பொட்டுக்கட்டுவதையே தடைசெய்யும் மசோதாவை முன்வைத்தார். அதே ஆண்டு காந்தி கைதானதைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். மசோதா கிடப்பில் விழுந்தது. ஆதரவற்ற பெண்களுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லமும், பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையும் அவருடைய உழைப்பை வாங்கிக்கொண்டன. 1947-ல்தான் சட்டம் நிறைவேறியது. அது பொட்டுக்கட்டுவதைக் குற்றமாக்கியது. முன்பே பொட்டுக்கட்டப்பட்ட பெண்கள் திருமணம் செய்துகொண்டால் செல்லும் என்றது. அவர்களின் ஆட்டத்துக்கும் பாட்டுக்கும் இனி எங்கே இடம், பிழைப்புக்கு என்ன வழி என்பதற்கு அந்தச் சட்டத்தில் விடை இல்லை.