கணக்கில் வராத கை

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் தறி இருந்தது. முதலாளி பாவும் ஊடையும் ஜரிகையும் கொடுப்பார். புடவையை அறுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால் அப்பா பெயரில் கூலி எழுதுவார்கள். கோர்வைப் புடவையில் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி ஊடை. பக்கத்தில் உட்கார்ந்து நாடா தள்ள இன்னொரு ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்தபிறகு அந்த ஆள் நான்தான். அம்மா விடியற்காலையிலிருந்து நாடாவில் போடும் ஊடை நூலைத் தார் சுற்றுவார். மூன்று பேர் வேலைக்கு வந்த அந்த ஒரு கூலியை அப்பாவின் கூலி என்றே சொல்லிவந்தோம்.

காந்தி சாலைக்குப் பின்னால் 14 வருடமாகப் பியூட்டி பார்லர் நடத்துகிறேன். முதல் 11 வருடம் நானும் உழைப்பைக் கணக்கில் சேர்க்காத அதே தப்பைச் செய்தேன். பக்கத்துத் தெருவில் ஃபேஷியல் 300 ரூபாய் என்றால் என் கடையிலும் 300. எல்லாச் செலவும் போக மிஞ்சியதை லாபம் என்று நினைத்தேன். தை, வைகாசி, ஆவணி முகூர்த்தங்களில் மிஞ்சும். ஆடியில் வளையல் அடகுக்குப் போகும்.

அப்படி ஒரு ஆடியில், ஆள் வராத கடையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். வாடகை 9,000. கரன்ட் 3,000. உதவிக்கு இருக்கும் பெண்ணின் சம்பளம் 12,000. துண்டு துவைப்பது, தண்ணீர், போன் 2,000. நாற்காலியும் ஸ்டீமரும் தேய்வதற்காக எடுத்து வைப்பது 1,000. அதோடு நிறுத்தியிருப்பேன். இதே வேலையை வேறொரு கடையில் செய்தால் எனக்கு என்ன கொடுப்பார்கள் என்று தோன்றியது. 18,000 என்று எழுதினேன். கூட்டினால் 45,000.

இதை எதால் வகுப்பது? இரண்டு பேர், மாதம் 26 நாள், நாளுக்கு எட்டு மணி நேரம்: 416 மணி. ஆனால் கடை திறந்திருக்கும் நேரமெல்லாம் வேலை நேரம் அல்ல. வைகாசியில் கை ஓயாது; ஆடியிலும் மார்கழியிலும் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். வருடம் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், வாடிக்கையாளர் மேல் கை படும் நேரம் மாதம் சுமார் 200 மணி. அதாவது 12,000 நிமிடம். ஒரு நிமிடம் 3 ரூபாய் 75 காசு. ஆடி மாத வாடகை வைகாசி மணப்பெண்ணின் பில்லுக்குள்தான் இருந்தாக வேண்டும்.

ஃபேஷியலுக்கு வருவோம். ஒரு மணி நேரம், 225 ரூபாய். 600 ரூபாய் கிட் பத்துப் பேருக்கு வரும் என்று பெட்டியில் போட்டிருக்கும். ஆறு பேருக்குத்தான் வரும். தலைக்கு 100. பஞ்சு, டிஷ்யூ 15. மொத்தம் 340. நான் வாங்கியது 300! ஒவ்வொரு ஃபேஷியலுக்கும் என் கூலியிலிருந்து 40 ரூபாயை நானே கொடுத்திருக்கிறேன். புருவம் திருத்துவது எட்டு நிமிடம். நூல், பவுடரோடு 32 ரூபாய்தான் ஆகிறது. 40 வாங்கினேன், அது சரி.

வரியைப் பற்றியும் கேட்கிறார்கள். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டாத என் கடைக்கு ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பெரிய சலூன்கள் வாங்கிய 18 சதவீதம், 2025 செப்டம்பர் 22 முதல் 5 ஆனது. ஆனால் முன்பு க்ரீமுக்கும் கடை வாடகைக்கும் கட்டிய வரியை அவர்கள் அதில் கழித்துக்கொண்டார்கள். இப்போது கழிக்க முடியாது. கழிக்க முடியாத வரி செலவாகி, விலைக்குள் உட்கார்ந்துவிடும். அதனால்தான் வரி குறைந்த அளவுக்குப் பில் இறங்கவில்லை. எனக்கு எப்போதுமே அப்படித்தான். ஷாம்பு, தலை எண்ணெய், முகப் பவுடருக்கு வரி 5 ஆனதில் அந்தப் பக்கம் கொஞ்சம் லேசானது.

மணப்பெண் வேலையில்தான் அதிகம் இழந்திருக்கிறேன். நாலரை முகூர்த்தத்துக்கு இரவு ஒரு மணிக்கே மண்டபத்தில் இருக்க வேண்டும். போகவர நேரம், கூட வரும் பெண்ணின் நேரம் எதையும் எண்ணியதில்லை. முதல் நாள் புடவைக்கு மடிப்பு எடுத்து வைப்பதைச் சும்மாவே செய்து கொடுத்தேன். காஞ்சிப் பட்டு விறைப்பானது. கோர்வைக் கரை கனமானது. காலடியில் கரை ஒரே நேராக விழும்படி ஒவ்வொரு மடிப்பையும் கிளிப் போட்டு, ஜரிகை கருகாமல் மேலே பருத்தித் துணி போட்டு இஸ்திரி செய்ய 40 நிமிடம் ஆகும். இப்போது அதற்கு 150 ரூபாய் என்று போர்டில் எழுதியிருக்கிறேன். ஃபேஷியல் 380.

விலை ஏற்றியதும் சிலர் வரவில்லை. அது வலித்தது. போன முகூர்த்தத்தில் ஒரு மணப்பெண்ணின் சித்தி, "மடிப்பு எடுக்கறதுக்குக்கூடவா காசு?" என்றார். "உட்கார்ந்து பாருங்கக்கா" என்று ஸ்டூலைப் போட்டேன். 40 நிமிடம் பார்த்தார். கொடுத்தார்.

ராத்திரி அம்மாவிடம் சொன்னேன். "நாப்பது நிமிஷத்துக்கு நூத்தம்பதா?" என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அவ்வளவு நேரத்தில் தான் எத்தனை தார் சுற்றியிருப்போம் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்.